குத்துவிளக்கும் காணி உறுதியும்



வவுனியா நகரில் சர்வமதக் கூட்டம் ஒன்று நடந்தால் அதன் நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மங்கள விளக்கேற்றல் முதலில் வரும். பிக்கு, இந்துக் குருக்கள், மௌலவி, எங்கள் பங்குத்தந்தை ஆகிய நால்வரும் ஆளுக்கொரு திரியைக் கொளுத்துவர். பிறகு இரண்டு நிமிட மௌன அஞ்சலி, பாடசாலைப் பிள்ளைகளின் நடனம், இரண்டு மூன்று மொழிகளில் உரைகள், கடைசியில் சிற்றுண்டிப் பொதி. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவரவர் தம் வழியே போய்விடுவர். இத்தகைய கூட்டங்களுக்குக் கதிரை அடுக்கியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இங்கு சொல்லப்போகும் குறையில் எனக்கும் பங்குண்டு.

இக்கூட்டங்கள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நால்வர் ஒரே மேடையில் அமர்ந்ததே பெரிய காரியந்தான். ஆனால் காணியை நம்பிப் பிழைக்கும் எம்மைப் போன்ற மக்களுக்கு இன ஒற்றுமை என்பது காணியிலிருந்துதான் தொடங்க முடியும். என் வயலில் இப்போது நிற்பவர் யார்? யாருடைய வளவில் நான் நிற்கிறேன்? இந்த இரண்டு கேள்விகளில் முதலாவதை நாம் ஓயாது கேட்டு வருகிறோம். கேட்கவும் வேண்டும். இரண்டாவதை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

வவுனியாவைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். வடக்குக்கும் தெற்குக்கும் இடையில் வாசல்படி போல் கிடக்கும் நகரம் அது. கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. மாவட்டத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் சிங்களவர். முஸ்லிம்களும் கணிசமாக உள்ளனர். சந்தையில் விலை பேசுவதற்கு இனம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. அதே நகரில்தான் 1990களில் வன்னியிலிருந்து வந்த தமிழர் ‘பாஸ்’ இல்லாமல் ஓர் இரவு தங்க முடியாமலும், தெற்கே போக முடியாமலும் வரிசையில் நின்றனர். பூந்தோட்டம் முகாமில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்த பிள்ளைகளை நான் அறிவேன். 2009இல் செட்டிகுளத்து மெனிக்பாம் முட்கம்பிகளுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டதையும், 2012 செப்ரெம்பரில் அது மூடப்பட்டபோது கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்குப் போகாமல் வேறொரு காட்டுத் துண்டில் இறக்கப்பட்டதையும் இதை வாசிப்பவர்களில் பலர் தம் உடம்பாலேயே அறிந்தவர்கள். உங்களுக்கு நான் அகதி வாழ்வைப் பற்றிப் போதிக்கத் தேவையில்லை.

ஆயினும் கிறிஸ்தவர்கள் என்ற முறையில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகிறவன் அயலவனின் பாவத்தைச் சொல்லிவிட்டு வர முடியாது. தன் பாவத்தைத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கத்தை இனப்பிரச்சினைக்குக் கொண்டுவந்த ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1983 யூலைக் கலவரத்தின் பின் அவர் அகதி முகாம்களுக்குப் போனார். யாழ்ப்பாணம் வந்து மக்களைச் சந்தித்தார். பின்பு தன் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய கடைசி உரையில், சிங்களவர் என்ற வகையில் வெட்கத்தை ஏற்றுக்கொண்டு, தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய கடமை சிங்கள மக்களுக்கு உண்டு என்றார். இதைத் தமிழரின் கைதட்டலுக்காக அவர் கொழும்பு மேடையில் சொல்லவில்லை. பெரும்பாலும் சிங்களவரான தன் சொந்தச் சபையாரிடம் சொன்னார். அந்த ஆண்டு ஒக்ரோபரில், 56 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவருடைய பெயரை நாம் அடிக்கடி மரியாதையோடு சொல்கிறோம். அவர் செய்ததை நம் பக்கத்தில் யார் செய்தார்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மக்கள் வந்து சேர்ந்தனர். அதற்கு முன்பே 1970களின் பஞ்சத்தில் தோட்டங்களை விட்டு வந்தவர்களும் இருந்தனர். நான் அப்போது சிறுவன். எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கவும் சூடு மிதிக்கவும் அவர்களில் ஒரு குடும்பம் வந்தது. எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தேநீர் சிரட்டையில் கொடுக்கப்பட்டது. எங்களுக்கு மூக்குப்பேணி. வேலையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான், கூலி மட்டும் ஊரவருக்கு ஒரு கணக்கு, அவர்களுக்கு ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசைக்குப் போனோம். அவர்களிலும் வேதக்காரர் இருந்தனர், கோவிலின் பின்வரிசையில் நின்றனர். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. “தோட்டக்காட்டார்” என்ற சொல்லை நான் முதலில் கேட்டது என் சொந்தத் திண்ணையில்தான்.

அந்த மக்களுக்காக உழைத்தவர்கள் இல்லாமலில்லை. வவுனியாவில் மருத்துவராக இருந்த இராஜசுந்தரமும் கட்டிடக் கலைஞரான டேவிட் ஐயாவும் காந்தீயம் என்ற அமைப்பின் மூலம் அவர்களை எல்லைப்புறக் கிராமங்களில் குடியமர்த்தினர். இருவரும் 1983இல் சிறை வைக்கப்பட்டனர். இராஜசுந்தரம் அந்த யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா உயிர்தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் காலமானார்.

அவர்கள் மக்களைக் குடியமர்த்திய இடங்களில் டொலர் பண்ணையும் கென்ற் பண்ணையும் அடங்கும். நெடுங்கேணிப் பக்கத்தில் உள்ள அந்த நிலத்தின் கதையை நம் பிள்ளைகள் முழுவதுமாகக் கேட்பதில்லை. ஆளுக்கொரு பாதியைத்தான் சொல்லி வளர்க்கிறோம். முழுக் கதை இதுதான். மலையகத்தில் அடிபட்டு வந்த தமிழ் ஏழைகள் அங்கே காடு வெட்டிக் குடியேறினர். 1984இல் அவர்கள் விரட்டப்பட்டனர். அவர்களுடைய இடத்தில் அரசு சிங்களச் சிறைக்கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தியது. அதே ஆண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கி, பெண்கள் பிள்ளைகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அடுத்த ஓரிரு நாட்களில் ஒதியமலையில் முப்பது வரையான தமிழ் ஆண்கள் கட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். அந்த டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வயலையும் வாடியையும் விட்டு வெளியேறினர். பின்னர் மணலாறு, வெலிஓயா ஆயிற்று.

இந்தக் கதையில் அந்த நிலத்தைத் தன் இஷ்டப்படி தெரிந்தெடுத்த ஏழை ஒருவனும் இல்லை. ஹற்றனில் வீடு எரிந்தவனும், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவனும், ஒதியமலையில் மழைக்காக வரம்பு கட்டிக் காத்திருந்தவனும் மண்வெட்டி பிடித்த கைகளையுடையவர்களே. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் வேறெங்கோ இருந்தனர். நம் பக்கத்தில் இறந்தவர்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் திரி கொளுத்துகிறோம், அது நம் கடமை. பண்ணையில் இறந்த பிள்ளைகளுக்காகவும் நம் கோவில் ஒன்றில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் நம் உரிமைக் கோரிக்கை எவ்விதத்தில் குறைந்துவிடும்? குறையும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. வெலிஓயாவில் பறிபோன நம் உறுதிக் காணிகளைக் கேட்கும்போது நம் குரல் அதனால் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பதே என் எண்ணம்.

இனி முஸ்லிம் மக்களின் காரியம். இதை எழுதக் கை கூசுகிறது, எனினும் எழுதுகிறேன்.

1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அதில் அடங்குவர். பெரும்பாலானோர் புத்தளம் போய்ச் சேர்ந்து ஓலைக் கொட்டில்களில் இருந்தனர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் தவறு என்று ஏற்றுக்கொண்டார். இயக்கம் சொன்னது அவ்வளவு. நம் ஊர் என்ன சொன்னது?

எங்கள் உறவினர் ஒருவரின் வீடு தண்ணீரூற்றில் இருந்தது. அடுத்த வளவு ஒரு முஸ்லிம் குடும்பத்தினது. பெருநாளுக்கு வட்டிலப்பம் வேலிக்கு மேலால் வரும், கிறிஸ்மஸுக்குப் பலகாரம் போகும். அவர்கள் போன மாதத்திலேயே அந்த வீட்டின் ஓடுகள் காணாமற்போயின. நிலைகளும் கதவுகளும் பிறகு. எங்கள் உறவினர் ஓடு கழற்றவில்லை. ஆனால் தென்னைகள் காய்த்தன, அவர் பறித்தார். 2008இல் தாங்களும் இடம்பெயரும் வரை பதினெட்டு வருடம் பறித்தார். விடுமுறைக்குப் போன நானும் அந்தத் தேங்காய்ப் பாலில் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன். யாருடைய தேங்காய் என்று எனக்குத் தெரியும். பின்பு மெனிக்பாமில் அதே உறவினர், “எங்கடை வளவிலை இப்ப ஆர் தேங்காய் புடுங்கிறானோ” என்று அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

2009இன் பின் அவர்கள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் பெருகி ஒரு குடும்பம் நான்கு குடும்பமாகியிருந்தது. காடு வெட்டிக் காணி கொடுக்கும் பேச்சு எழுந்ததும் முல்லைத்தீவில் எதிர்ப்பு ஊர்வலம் போயிற்று. காடு காக்கப்பட வேண்டும் என்பதிலும், நிலமற்ற தமிழருக்கு என்ன வழி என்பதிலும் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்தவர்களே இன்னும் பத்திரம் இல்லாமல் இருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் நீர்பாயும் வயல் முந்தி வந்தவர்களிடம், பிந்தி வந்த பாரதிபுரம், மலையாளபுரம் மக்களுக்கு மேட்டுக்காணியும் கூலிவேலையும். வீட்டுத்திட்டம் வந்தபோது பத்திரம் எங்கே என்று கேட்டு அவர்களைத்தான் பின்னுக்குத் தள்ளினார்கள். இவ்வளவு இருந்தும், அந்த ஊர்வலத்தில் கேட்ட சில கூச்சல்கள் 1983இல் தெற்கில் கேட்ட கூச்சல்களை எனக்கு நினைவூட்டின.

“நாங்களே நடுத்தெருவிலை நிக்கிறம். எங்கடை காணி ஆமியிட்டை. முதல்லை அது வரட்டும், பிறகு மற்றவையின்ரை கதையைப் பாப்பம்” என்று ஒரு பெரியவர் எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொன்னார். இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. 2017 மார்ச் முதலாம் திகதி தொடக்கம் கேப்பாப்பிலவு மக்கள் முகாம் வாசலில் கொட்டில் போட்டு மழையிலும் வெயிலிலும் இருந்தனர். ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. மிச்சத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். வயலுக்குள் திடீரென எல்லைக்கல் நடும் வன இலாகாவையும், குருந்தூர்மலை அடிவாரத்தில் கமம் செய்ய விடாத தொல்பொருள் பலகைகளையும் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் போய், நீ முதலில் மன்னிப்புக் கேள் என்று சொல்வது கொடுமை போலத் தோன்றும்.

ஆனால் கேப்பாப்பிலவு வாசலிலேயே வேறொன்றும் நடந்தது. தெற்கிலிருந்து சில சிங்கள நண்பர்கள் வந்தனர், கொட்டிலில் இருந்தனர், திரும்பிப் போய்த் தம் மக்களுக்குத் தம் மொழியில் எழுதினர். எண்ணிக்கையில் அவர்கள் சொற்பம். எனினும் விளக்கேற்றும் கூட்டங்கள் பத்தினால் வராத நம்பிக்கை அந்தத் தாய்மாருக்கு அதனால் வந்தது. ஏனென்றால் அவர்கள் காணியைப் பற்றிப் பேசினார்கள். தம் பக்கத்துப் பிழையைப் பற்றிப் பேசினார்கள்.

சிங்களக் கமக்காரனும் காணியை இழந்தவன்தான் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ 1980இல் ஊவாவின் புத்தலப் பக்கத்துக்குப் போனார். பெரிய படிப்புப் படித்தவர். ஒரு மண் வீட்டுக்கு ‘சுபசெத் கெதர’ என்று பெயரிட்டு, முழுக்க முழுக்கப் பௌத்தரான ஏழை மக்களோடு வாழ்ந்தார். ஒருவரையும் மதம் மாற்றப் போகவில்லை. சீனிக் கம்பனிக்காக நிலமிழந்த விவசாயிகளின் பக்கம் நின்றார். பிக்குமாரோடு நட்பாக இருந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை முடியும் வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் பக்கத்தில் 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்ட அருட்தந்தை மேரி பஸ்ரியனை நாம் மறப்பதில்லை. இவ்விருவரையும் ஒரே நாளில் நினைவுகூரும் பங்கு ஒன்று வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் நான் நடந்தே போய்வருவேன்.

ஒற்றுமை எவ்வளவு இலகுவில் கைகூடுகிறது, எவ்வளவு விரைவில் சோதிக்கப்படுகிறது என்பதற்கு 2021ஆம் ஆண்டைப் பாருங்கள். பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். காணி விடுவிப்பும், கொவிட்டினால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை வலிந்து எரிப்பதை நிறுத்தும்படியான கோரிக்கையும் ஒரே பட்டியலில் இருந்தன. ஒரு மாதம் ஆகவில்லை. மார்ச் 2ஆம் திகதி அரசு அந்த உடல்களைப் புதைக்க இரணைதீவைத் தெரிந்தெடுத்தது. இருபத்தைந்து வருடம் அகதியாக இருந்து, 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளமேறிப் போய் மீட்ட தீவு அது. கத்தோலிக்க மக்கள் எதிர்த்தனர், குருமாரும் முன்னின்றனர். நாட்டின் ஒரு மூலையில் தம் இறந்தோரைக் கொண்டுபோய்த் தள்ளுவதை முஸ்லிம்களும் விரும்பவில்லை. இரண்டு காயப்பட்ட சமூகங்களை மோதவிடப் பார்த்த முடிவு என்றே பலரும் அதைக் கண்டனர். கடைசியில் ஓட்டமாவடியில் மார்ச் 5இல் அடக்கங்கள் தொடங்கின. அரசாங்கம் வலிந்து எரித்ததற்காக மன்னிப்புக் கோரியது 2024இல்தான். எனக்கு உள்ள மனக்குறை ஒன்றே. அந்த நாட்களில் நம் கோவில்களில் “எங்கள் தீவு வேண்டாம்” என்ற குரல் நன்றாகக் கேட்டது. “அவர்களுடைய மையித்துக்கு மரியாதையான இடம் அவர்கள் கேட்கும் இடத்திலேயே கொடு” என்ற குரலும் அதே சத்தத்தில் கேட்டிருக்க வேண்டும்.

மடுவைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபிப்பீர்கள். ஆவணித் திருவிழாவில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கரும் நாமும் ஒரே மரநிழலில் சமைத்து உண்கிறோம். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்தபோதும் அப்படித்தான். ஆனால் 1999 நவம்பர் 20இல் அதே வளாகத்தில் ஷெல் விழுந்து அகதிகள் நாற்பது வரை இறந்தார்கள் என்பது, அந்த மரநிழலில் நம்மோடு கஞ்சி குடிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாமும் சொல்வதில்லை. திருவிழாவில் ஏன் கசப்பு என்று விட்டுவிடுகிறோம்.

பங்குப் பேரவையில் நான் வைத்த யோசனை மிகச் சிறியது. ஒவ்வொரு பங்கிலும் ஒரு காணிக் கொப்பி வைப்போம். நம் எல்லைக்குள் யாருடைய காணி யாரிடம் இருக்கிறது என்பதை இனம், மதம், ஊர் பாராமல் எழுதுவோம். இராணுவத்திடம் இருப்பது ஒரு பக்கம். வன இலாகா பிடித்தது ஒரு பக்கம். நம்மவர் ஆள்கின்ற பிறர் காணி ஒரு பக்கம். பத்திரமே இல்லாத மலையகக் குடும்பங்கள் ஒரு பக்கம். தனியார் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். போரினால் வரமுடியாமற் போனவர்கள் அதனால் நட்டப்படாதிருக்க 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. புத்தளத்தில் இருந்தவருக்கும் தமிழ்நாட்டு முகாமில் இருந்தவருக்கும் எல்லைக் கிராமத்தை விட்டோடிய சிங்களவருக்கும் அது ஒரே சட்டந்தான். சட்டத்துக்கு இருந்த நியாயம் நமக்கு இல்லாமற் போகலாமா? அத்துடன் தெற்கிலிருந்து இளைஞர்கள் வரும்போது மேடை போடாமல், காலபோகத்தில் இரண்டு கிழமை வயலில் நிற்க விடுவோம். முகாம் வேலிக்கு இப்பால் நின்று தன் கிணற்றைக் காட்டும் ஒரு தாயோடு அவர்கள் ஒரு பகல் இருக்கட்டும்.

கூட்டத்தில் நீண்ட நேரம் கதைத்தார்கள். காணிக் கொப்பியால் ஊருக்குள் சண்டை வரும் என்றார் ஒருவர். வரலாம்தான். அருட்சகோதரி ஒருவர், பெயர்களை மண்டபத்தில் வாசிக்காமல் பங்குத்தந்தையிடம் வைத்திருக்கலாம் என்றார். நல்ல யோசனை. கடைசியில், “வெட்டு முடியட்டும், பாப்பம்” என்று முடிவாயிற்று.

வெட்டு முடிந்துவிட்டது. நூற்றிருபது தாள் கொப்பி ஒன்று வாங்கி உறை போட்டு வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் தண்ணீரூற்று வளவை எழுதியாயிற்று: எத்தனை பரப்பு, எத்தனை தென்னை, எத்தனை வருடம் என்று. விலைக்கணக்கு ஒன்றும் போட்டுப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று புத்தளத்தில் விசாரிக்கச் சொல்லி எங்கள் உறவினரின் மூத்த மகனிடம் கேட்டிருக்கிறேன். அவன் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.